தாத்தா இருந்த ரோந்துக் கப்பல் எது? கண்டுபிடிக்கும் வழி

ஆயர் தாவாரிலிருந்தோ சித்தியவானிலிருந்தோ லூமுட் கடற்படைத் தளம் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். அதனால் "தாத்தா நேவியில் இருந்தார்" என்று கேள்விப்பட்டதுமே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது லூமுட். ஆனால் தோட்டத்து லயத்திலிருந்து கிளம்பி 1960-களில் கடற்படையில் சேர்ந்தவர் அப்போது லூமுட்டில் வேலை பார்த்திருக்க முடியாது. அன்றைக்கு அங்கே தளமே கிடையாது. தலைமைத் தளம் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்தது. லூமுட்டுக்கு மாறியது பிற்பாடு. பழைய கடிதங்களிலும் மணியார்டர் துண்டுகளிலும் சிங்கப்பூர் முகவரி இருப்பதற்குக் காரணம் அதுதான். அதைப் பார்த்து "தாத்தா சிங்கப்பூர் கடற்படையில் இருந்தார்" என்று எழுதிவைத்த குடும்பங்களும் உண்டு. அந்தக் குழப்பத்தை முதலில் ஒதுக்கிவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.

பெரிய போர்க்கப்பலைத் தேடுவது சுலபம். அதற்குப் புத்தகம் இருக்கும், படம் இருக்கும். நூறடி நீளமுள்ள ரோந்துக் கப்பலுக்கு அப்படி எதுவும் இருக்காது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருபத்து நான்கு கப்பல்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. இந்தத் தேடலில் தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: குடும்பத்தில் சொல்லிவரும் கப்பல் பெயரை முதலில் பிடித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதற்குப் பொருத்தப் பார்ப்பது. பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் முகப்பில் எழுதிய எண், தாத்தா அங்கே இருந்த தேதி, இந்த இரண்டும் கையில் கிடைத்தால் பெயர் தானாக வந்து சேரும்.

பெயர் ஏன் ஏமாற்றும்

அரச மலேசியக் கடற்படை ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறது. ஸ்ரீ கெடா, ஸ்ரீ பேராக் போன்ற மாநிலப் பெயர்கள் 1950-களில் 72 அடி நீள மரத்தாலான மோட்டார் லாஞ்சுகளுக்கு இருந்தன. அதே பெயர்கள் 1963-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் வோஸ்பர் கம்பெனி கட்டிக்கொடுத்த 103 அடி ரோந்துக் கப்பல்களுக்கு வந்தன. 2006-லிருந்து கே.டி. (கப்பல் டிராஜா, அதாவது அரசக் கப்பல்) கெடா, கே.டி. பஹாங், கே.டி. பேராக் என்று 'ஸ்ரீ' இல்லாமல் புதிய பெரிய ரோந்துக் கப்பல்கள் வந்தன. இணையத்தில் கே.டி. பேராக் என்று போட்டால் முதலில் வருவது இந்தப் புதிய கப்பலின் படம்தான். அதை எடுத்துத் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, கண்ணாடி போட்டு மாட்டிவிடாதீர்கள்.

ஆயுதப் பெயர்களிலும் இதே கதை. 1966-க்குப் பின் வந்த வோஸ்பர் கப்பல்களில் கிரிஸ், சுண்டாங், பாடேக், ரெஞ்சோங் என்ற பெயர்கள் இருந்தன. 2020-லிருந்து சீனாவில் கட்டி வந்த கப்பல்களுக்கும் அதே பெயர்கள்தான், எழுத்துதான் மாறியது. 1972-ல் மலாய் எழுத்துமுறை சீரமைக்கப்பட்டபோது கிரிஸ் 'கெரிஸ்' ஆனது, பாடேக் 'பாடிக்' ஆனது, ரெஞ்சோங் 'ரென்சோங்' ஆனது. மாநிலப் பெயர்களில் திரெங்கானு 'தெரெங்கானு' ஆனது, நெக்ரி 'நெகிரி' ஆனது. ஆகவே பழைய ஆவணங்களைத் தேடும்போது பழைய எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும். இன்றைய எழுத்தில் மட்டும் தேடிவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

இன்னொரு பொறி, கே.டி. மலாயா. தாத்தாவின் பத்திரத்தில் இந்தப் பெயர் இருந்தால் அது கப்பல் அல்ல. கடற்படை வழக்கப்படி கரையிலுள்ள தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பார்கள். கே.டி. மலாயா தலைமைத் தளத்தின் பெயர், கே.டி. ஸ்ரீ லாபுவானும் கே.டி. ஸ்ரீ தாவாவும் கரைத் தளங்களே. இணையத்தில் மலாயா என்று தேடினால் எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் வந்து நிற்கும். அது 1915-ல் கடலில் இறக்கப்பட்டது, மலாய் கூட்டு மாநிலங்கள் பணம் போட்டுப் பிரிட்டனுக்குக் கொடுத்தது. 1960-களில் வேலை பார்த்த தாத்தாவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

பெயர் முழுக்கப் பயனற்றது என்று அர்த்தமில்லை. சரியான பெயர் நினைவில்லாவிட்டாலும் "ஏதோ மலைப் பெயர்", "ஏதோ கத்திப் பெயர்" என்று பாட்டி சொல்வார். அந்த அளவே போதும். மலைப் பெயர் என்றால் கண்ணிவாரிக் கப்பல் (கடலில் வைத்த கண்ணிவெடிகளை அகற்றுவது): மகாமிரு, லேடாங், ஜெராய், கினபாலு, தாகான், பிரிஞ்சாங். ஆயுதப் பெயர் என்றால் வோஸ்பரின் மூன்றாம் தொகுதி, 1966-க்குப் பின் வந்தவை. 'ஸ்ரீ' சேர்ந்த மாநிலப் பெயர் என்றால் பெரும்பாலும் வோஸ்பரின் முதல் அல்லது இரண்டாம் தொகுதி. மீன் பெயர் என்றால் 1976-ல் வந்த கப்பல்கள்: ஜெரோங், தோடாக், பாவுஸ், யூ, பாவுங், பாரி. இவை பட்டர்வொர்த்தில் கட்டியவை.

வீட்டில் முதல் வேலை

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் எதையும் பிரிக்காதீர்கள். கறுப்புத் தாள் ஆல்பத்தில் ஒட்டிய போட்டோவைப் பிய்த்தால் பின்பக்கத்து எழுத்து தாளோடு போய்விடும். அந்த எழுத்தில்தான் தேதி இருக்கும். ஆல்பத்தோடே ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. போதும். தீப்பெட்டி அளவுப் படங்களுக்கு 1200 வையுங்கள்; கப்பல் முகப்பின் எண் அந்த அளவில்தான் பிரிந்து தெரியும். போன் கேமராவில் எடுப்பதானால் வெயில் நேராகப் படாத வராந்தாவில் வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஏற்கெனவே தளர்ந்து கழன்று கிடக்கும் படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். நீங்கள் குறிப்பு எழுதுவதானால் மென்மையான பென்சிலில், படத்தின் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். பேனா மை சில வருடங்களில் முன்பக்கம் ஊறும்.

பிறகு பத்திரங்கள். கடற்படைச் சேவைச் சான்றிதழ், வெளியேறும் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ஓய்வூதிய அட்டை, 1972-ல் தொடங்கிய ஆயுதப்படை நிதி வாரியத்தின் கணக்குத் தாள், இவற்றில் எது கிடைத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது சேவை எண். பெயர் பல விதமாக எழுதப்பட்டிருக்கும், எண் மாறாது. வீட்டில் பதக்கம் இருந்து, அது பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கமாக இருந்தால் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்துத் தேய்த்து எழுத்தே மழுங்கிப்போன பதக்கங்கள் எத்தனையோ.

பெயர் விஷயம் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பெரிய தலைவலி. பிறப்புப் பத்திரத்தில் கிராணி எழுதியது ஒரு விதம், பள்ளியில் ஒரு விதம், படையில் ஆள் எடுத்த அதிகாரி காதில் விழுந்தபடி எழுதியது இன்னொரு விதம். முனியாண்டி ஆங்கிலத்தில் 'ஐ'-யில் முடியலாம், 'ஒய்'-யில் முடியலாம். லெட்சுமணனை 'டி', 'சி', 'எச்' போட்டும் எழுதுவார்கள், 'கே', 'எஸ்', 'எச்' போட்டும் எழுதுவார்கள். வீரப்பன் ஒரு தாளில் 'ஏ', 'என்' என்று முடிவார், இன்னொரு தாளில் 'இ', 'என்' என்று முடிவார். தகப்பன் பெயர் முன்னால் இனிஷியலாக வரும், சில தாள்களில் முழுசாகப் பின்னால் வரும். ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, எந்த அலுவலகத்திலும் எந்தத் தேடுபெட்டியிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

கடற்படையா, போலீஸா?

"கடலில் ரோந்து போனார்" என்று மட்டும் தெரிந்தால் இந்தக் கேள்வியைத் தீர்க்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். கடல் போலீஸும் அதே காலத்தில் வோஸ்பர் படகுகளையே ஓட்டியது. பி.எக்ஸ். என்ற எழுத்துகளோடு எண் எழுதியிருக்கும். மக்கோத்தா, தெமெங்கோங், ஹுலுபாலாங் என்று பெயர்களும் உண்டு. அவை சிங்கப்பூரில் 1963 வாக்கில் கட்டியவை, 87 அடி நீளம், 20 மில்லிமீட்டர் துப்பாக்கி இரண்டு, சுமார் 15 பேர். கடற்படை வோஸ்பர் 103 அடி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி. 22 அல்லது 23 பேர். போலீஸ் ஆவணங்கள் தலைமையகமான புக்கிட் அமான் வழியே போகும், கடற்படை ஆவணங்கள் வேறு வழி. தப்பான கதவைத் தட்டினால் மாதக்கணக்கில் பதில் வராது. கடைசியில் வரும் பதிலும் "பதிவு இல்லை" என்பதாக இருக்கும்.

சீருடைப் படம் இருந்தால் உடனே தெரியும். மாலுமியின் வட்டத் தொப்பியைச் சுற்றிய கறுப்பு ரிப்பனில் பொன்னெழுத்து இருந்தால் கடற்படை. அதில் கப்பல் பெயரே இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ரிப்பனில் பாதுகாப்புக்காக எச்.எம்.எஸ். என்று மட்டுமே போட்டார்கள்.

போட்டோவை அளந்து பார்ப்பது

எண் தெரியாத படத்திலும் கப்பலின் வகையைக் கண்டுபிடிக்கலாம். கப்பல் பக்கவாட்டில் முழுதாகத் தெரிய வேண்டும். மேல்தளத்தில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஸ்கேன் செய்த படத்தைக் கணினியில் பெரிதாக்கி, ஆளின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பிறகு கப்பலின் முழு நீளத்தை அளந்து, ஆளின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 13 வாக்கில் வந்தால் 1950-களின் மர மோட்டார் லாஞ்ச். 16 வாக்கில் வந்தால் போலீஸ் பி.எக்ஸ். படகு. 18, 19 வந்தால் வோஸ்பர் ரோந்துக் கப்பல். 26, 27 என்று வந்தால் கண்ணிவாரிக் கப்பலோ ஜெரோங் வகையோ. இந்தக் கணக்கு 1.7 மீட்டர் ஆளுக்கு. ஆள் குனிந்திருந்தாலோ கப்பல் சற்றுத் திரும்பியிருந்தாலோ எண் மாறும். குறிப்பாகக் கப்பல் சாய்வாக நின்றால் நீளம் குறைந்து தெரிந்து, வோஸ்பர் கூட பி.எக்ஸ். மாதிரி 16 காட்டும். ஆகவே 16-க்கும் 18-க்கும் இடையே தீர்ப்பைப் பீரங்கியிடம் விடுங்கள். 20 மில்லிமீட்டரின் குழல் மெலிந்தது, ஒரு ஆள் தோள் கொடுத்து நின்று சுடுவது. போஃபர்ஸ் பருமனானது, குழலின் நுனியில் புனல் மாதிரி விரிந்த ஒரு பாகம் இருக்கும்.

26, 27 வந்தால் புகைபோக்கியைப் பாருங்கள். நடுவில் தடித்த புகைபோக்கி நின்றால் கண்ணிவாரி.

எண் தெரிந்தால் வேலை சுலபம். வோஸ்பர் முதல் தொகுதி பி 3138 முதல் பி 3143 வரை: ஸ்ரீ கெடா, ஸ்ரீ செலாங்கோர், ஸ்ரீ பேராக், ஸ்ரீ பஹாங், ஸ்ரீ கிளந்தான், ஸ்ரீ திரெங்கானு, இந்த வரிசையில். 1964-ல் வந்த இரண்டாம் தொகுதி பி 3144 முதல் பி 3147 வரை: ஸ்ரீ சபா, ஸ்ரீ சரவாக், ஸ்ரீ நெக்ரி செம்பிலான், ஸ்ரீ மலாக்கா. மூன்றாம் தொகுதிப் பதினான்குக்கும் இரண்டிலக்க எண்கள்: பி 34 கிரிஸ், பி 36 சுண்டாங், பி 37 பாடேக், பி 38 ரெஞ்சோங் என்று போய், பி 47 ஸ்ரீ பெர்லிஸ், பி 49 ஸ்ரீ ஜொகூர் வரை. கடைசி இரண்டும் மாநிலப் பெயராக இருந்தாலும் மூன்றாம் தொகுதியைச் சேர்ந்தவை.

35-ல் தொடங்கும் நான்கிலக்க எண் வந்தால் நிதானியுங்கள். 3505 முதல் 3510 வரை 1976-க்குப் பிந்தைய ஜெரோங் வகையின் எண்கள். ஆனால் போருக்குப் பின் பிரிட்டிஷ்காரர்கள் பழைய மர லாஞ்சுகளுக்கும் 35-ல் தொடங்கும் எண்களையே கொடுத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படமா, கலர்ப் படமா என்பது இங்கே உதவும். நீளத்தை அளந்தால் சந்தேகமே இருக்காது. 13-க்கும் 26-க்கும் இடையே யாரும் குழம்ப மாட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சின்னக் கப்பல்களைத் துறையில் ஒன்றோடு ஒன்று ஒட்டி இரண்டு மூன்றாகக் கட்டுவார்கள். தாத்தா ஒரு கப்பலின் தளத்தில் நிற்பார். பின்னால் தெரியும் எண் அடுத்த கப்பலுடையதாக இருக்கும். அவர் கால் எந்தத் தளத்தில் இருக்கிறது, நடுவே கைப்பிடிக் கம்பி இரட்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இரட்டைக் கம்பி தெரிந்தால் அங்கே இரண்டு கப்பல்கள் இருக்கின்றன. அடுத்தது, ஸ்டூடியோவில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்கள். எண் கண்ணாடியில் பார்த்தது போல் தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். எண் தெரியாத படத்தில் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்பதைக் கவனியுங்கள்.

படம் எந்தக் காலத்தது என்று தெரியாவிட்டால் பின்பக்கக் கொடியைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் பெரிய சிலுவைக் கோடு தெரிந்தால் அது பிரிட்டிஷ் கொடி. மலாயாக் கடற்படை 1958-ல் மலாயா கூட்டரசின் கைக்கு வந்தது. ஆகவே அந்தப் படம் அதற்கு முந்தியது. அணிவகுப்புப் படத்தில் தளபதியாக க. தனபாலசிங்கம் நின்றால், அது 1967 டிசம்பருக்கும் 1976-க்கும் இடைப்பட்டது. அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவர், நம் தமிழர். அவருக்கு முன்னால் தளபதிகளாக இருந்தவர்கள் வெளிநாட்டு அதிகாரிகள்.

எஞ்சின் அறையில் இருந்தவரா?

அப்படியானால் குடும்பத்தில் கப்பல் பெயர் மறந்திருந்தாலும் எஞ்சின் பெயர் நினைவில் இருக்கும். அவர் அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். கார்ட்னர் என்றால் பெரும்பாலும் மர லாஞ்ச். மேபாக், அதுவும் இரண்டு என்றால் வோஸ்பர். அதே பெயர், ஆனால் மூன்று எஞ்சின் என்றால் ஜெரோங் வகை. டெல்டிக் என்றால் கண்ணிவாரி. வயதான சித்தப்பாக்களிடம் "கப்பல் பேர் என்ன?" என்று கேட்பதைவிட "எத்தனை எஞ்சின்? சமையல்காரரோடு சேர்த்து எத்தனை பேர் சாப்பிடுவீர்கள்? எந்தத் துறைமுகத்தில் தண்ணீர் ஏற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். வேலை செய்த கைக்கு இவை மறப்பதில்லை. தாவாவ், லாபுவான், ஜொகூர் கடற்பகுதி என்ற பெயர்கள் வந்தால் 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசிய மோதல் காலத்தைப் பற்றிக் கூடுதலாகக் கேளுங்கள். அந்தக் காலத்தில்தான் இந்தக் கப்பல்கள் ஓய்வில்லாமல் ஓடின.

சேவைப் பதிவு கேட்பது

முன்னாள் படைவீரர் விவகாரத் துறையை எல்லாரும் ஜேஹெவ் என்றே சொல்வார்கள். மாநில அளவில் கிளைகள் உண்டு. பேராக்கில் இருப்பவர்கள் ஈப்போவிலிருந்து தொடங்கலாம். தாத்தாவுக்கு ஓய்வூதியம் இல்லை என்பதால் பதிவும் இருக்காது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்; ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களும் முன்னாள் வீரர்களே. தாத்தாவின் மரணச் சான்றிதழ், அவருடைய பழைய ஐ.சி. எண், உங்கள் தகப்பனாரின் பிறப்புப் பத்திரம், உங்கள் மைகாட், இவற்றின் நகல்களை எடுத்துக்கொள்ளுங்கள். உறவு சங்கிலியாக ஒன்றோடொன்று சேர வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். தாளில் "என் தாத்தா பற்றிய எல்லா விவரமும்" என்று எழுதாதீர்கள். "எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தக் கப்பலில் அல்லது தளத்தில் பணி" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

பதிவு கைக்கு வந்தால் கப்பல் பத்தியை இரண்டு முறை படியுங்கள். பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றிய பதிவேடுகளில் சின்னக் கப்பல் ஆட்களின் பெயர் தளத்தின் கணக்கில் இருக்கும். உண்மையில் ஏறிய கப்பல் அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் வரும். தட்டச்சு செய்து கொடுக்கும் சுருக்கத்தில் அந்த அடைப்புக்குறி விட்டுப்போவது சகஜம். ஐந்து வருடம் முழுக்க கே.டி. மலாயா என்று வந்தால் அவர் ஐந்து வருடமும் கரையில் இருந்தார் என்று முடிவுகட்டாமல், மூல ஏட்டின் நகலைக் கேளுங்கள்.

பிறகு ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் தாத்தாவின் தேதிகள், வலப்பக்கம் கப்பல்கள் கடற்படையில் சேர்ந்த தேதிகள். 1963-ல் படை விட்டு வந்தவர், 1966-க்குப் பின் வந்த மூன்றாம் தொகுதிக் கப்பலான கே.டி. லெம்பிங்கில் இருந்திருக்க முடியாது. இந்த எளிய சோதனையிலேயே பாதிக் குடும்பக் கதைகள் நேராகிவிடும்.

பத்திரிகையில் தேடுவது

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளம் இந்தத் தேடலில் பெரிய வரப்பிரசாதம். 1989 வரையிலான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸை ஆயர் தாவாரில் உட்கார்ந்தே படிக்கலாம். தமிழ் முரசும் அதே தளத்தில் உண்டு. புதுக் கப்பல் வந்துசேர்ந்த செய்தி, ஊர்த் துறைமுகங்களுக்கு வந்து பொதுமக்களை ஏற்றிக் காட்டிய செய்தி, பிடிபட்ட கடத்தல் படகு என்று நிறைய கிடைக்கும். மோதல் காலத்தில் மட்டும் கப்பலின் பெயரைப் போடாமல் "கடற்படை ரோந்துப் படகு ஒன்று" என்று வரும் செய்திகள் அதிகம். அப்போது தேதியும் இடமும்தான் துணை.

தேடும்போது மாநிலப் பெயரை மட்டும் போட்டால் பந்தாட்டமும் சுல்தான் விழாவும் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். 'ஸ்ரீ'யோடு சேர்ந்த முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே ரோந்து என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்துப் பிழை வரும். ஒரு முறை பெயரின் பின்பாதியை மட்டும் போட்டும் தேடுங்கள். எல்லாவற்றையும்விடப் பயன் தருவது கப்பல் தலைவரின் பெயர். ரோந்துக் கப்பலுக்குத் தலைமை ஒரு இளம் லெப்டினன்ட். மாலுமியின் பெயர் பத்திரிகையில் வராது, லெப்டினன்ட்டின் பெயர் வரும். குழுப் படத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் பெயர் தெரிந்தால் அதைப் போட்டுத் தேடுங்கள். 1970-களின் நடுவில் மலேசியப் பத்திரிகையும் சிங்கப்பூர்ப் பத்திரிகையும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. அதற்குப் பிந்தைய காலத்துக்குக் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தையும் தேசிய நூலகத்தையும் நாடுங்கள். 2019-ல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்களையும் அங்கே விசாரியுங்கள்.

1958-க்கு முந்திய ஆட்களுக்கு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் தவிர்க்க முடியாதது. ஏ.டி.எம். 53 என்ற வரிசையில் கப்பல் நாட்குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் 1940-களிலிருந்து சின்னக் கப்பல்களின் நாட்குறிப்புகள் பெரும்பாலும் பாதுகாக்கப்படவில்லை. அட்டவணையைத் தேடிப் பார்க்காமல் நகலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கப்பல் எங்கே போனது

ஸ்ரீ பேராக் 1984-ல் கடலில் மூழ்கியது. மீதமிருந்த வோஸ்பர்களில் சில, 2005-ல் செயல்படத் தொடங்கிய மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குக் கை மாறின; அப்போது பெயரும் எண்ணும் மாறிப் புதிய வர்ணம் பூசினார்கள். ஆகவே பழைய பெயரில் தேடினால் கடைசி வருடங்கள் கிடைக்காது. ஜேன்ஸ் என்று சொல்லும் உலகக் கடற்படை ஆண்டுத் தொகுப்பை வருடவாரியாகப் புரட்டுங்கள். ஒரு கப்பல் எந்த வருடப் பட்டியலில் காணாமல் போகிறதோ, அதற்கு முந்தின இரண்டு வருடங்களுக்குள் அது விலக்கப்பட்டிருக்கும். பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் பழைய தொகுதிகள் இருக்கும்.

ஒரே வகைக் கப்பலை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், ஸ்ரீ திரெங்கானுவை மலாக்காவில் கடற்படை அருங்காட்சியகத்துக்காகக் கரையேற்றி வைத்தார்கள். கிளம்புமுன் போன் போட்டு, கப்பல் மேல் ஏற அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனால் மேல்தளத்தின் நீளத்தைக் காலடி வைத்து அளந்து, முன் பீரங்கிக்கும் கட்டளை மேடைக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். தாத்தாவின் குழுப் படத்தில் அதே பின்னணி இருந்தால் எந்த இடத்தில் நின்று எடுத்தது என்பது வரை தெரிந்துவிடும்.

எல்லாம் தேடியும் இரண்டு கப்பல்கள் மிஞ்சலாம். அப்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்காதீர்கள். இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சான்று ஆதரவு, எது முரண் என்று பக்கத்தில் குறியுங்கள்: "பி 3141, படத்தில் எண் தெரிகிறது, ஆனால் அடுத்த கப்பலாக இருக்கலாம், பி 3144, சேவைப் பதிவில் அடைப்புக்குறிக்குள் உள்ளது". சேவை எண்ணையும் தேதிகளையும் அதே தாளில் எழுதி, ஸ்கேன் கோப்புகளோடு சேர்த்து வீட்டில் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். ஒரு பென்டிரைவில் மட்டும் வைத்தால் அது பழுதாகும்போது எல்லாமே போய்விடும்.